புரட்டாசிக் குழம்பில் மீனுக்குப் பதிலாக எதைப் போடுகிறீர்கள்?

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறந்ததும் ஒரே மாதிரியான உணவுக் குறிப்பேடுகள் என் மேசைக்கு வரத் தொடங்கும். மலேசியாவின் பினாங்குத் தீவில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ள நம் வீட்டுப் பெரியவர்கள். புரட்டாசி முழுவதும் சைவம் காத்துவிட்டு, இந்த முறை எல்லாம் இறங்கியிருக்கும் என்ற நம்பிக்கையோடு வருவார்கள். சிலருக்கு இறங்கியிருக்கும். சிலருக்கு ஏறியிருக்கும்.

அப்படி வந்த ஓர் அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டும். இரத்த அழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. "மீனைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை அம்மா. கருவாடும் இல்லை. பிறகு எப்படி ஏறும்?" என்று கேட்டார். அவருடைய குறிப்பேட்டைப் புரட்டினேன். வாரத்தில் ஐந்து நாள் 'சைவ மீன்' குழம்பு, சைவ மீன் சம்பல், சைவ மீன் பொரியல். அடுத்த முறை அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னேன். காலி உறையைக் கழுவி, காயவைத்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். பின்பக்கத்துப் பொடி எழுத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். 100 கிராமுக்கு 680 மில்லிகிராம் சோடியம். அவர் ஒரு வேளைக்கு நான்கு துண்டு சாப்பிடுகிறார். ஏறத்தாழ 150 கிராம். கணக்குப் போட்டால் 1,020 மில்லிகிராம்.

பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உப்பாகச் சொன்னால் 5 கிராம், ஒரு தேக்கரண்டி. அந்த அம்மாவுக்கு அதில் பாதி, மீன் துண்டிலேயே முடிந்துவிட்டது. குழம்பில் போட்ட உப்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அதற்கு மேல்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புரட்டாசியும் சீனர்கள் சைவம் காக்கும் ஒன்பது பேரரசர் விழாவும் பெரும்பாலும் அடுத்தடுத்தோ ஒன்றாகவோ வரும். தீவெங்கும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைத்துவிடும். தட்டில் மீனும் இறாலும் கணவாயும் போலவே அடுக்கி வைத்திருப்பார்கள். கடலைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு வளர்ந்த நாக்கு அந்த ருசியைத் தேடுவது இயல்பு. ஆசையை அடக்குங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. வீட்டில் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. பத்தில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம். நம் வீடுகளில் இந்த இரண்டும் இல்லாத குடும்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால்தான் ஒரு மாதத்துச் சாப்பாடு என்று இதை விட்டுவிட முடியவில்லை.

உப்பைவிட என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. மீனை எடுத்த இடத்தில் நாம் வைப்பது என்ன? 100 கிராம் கெம்போங் மீனில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. அதே எடைப் பிஞ்சுப் பலாக்காயில் சுமார் 2 கிராம்தான். வாழைப்பூவும் அப்படித்தான். நார் நாராகப் பிரிவதால் பலாக்காய் மீன் சதைபோலத் தோன்றுகிறது. ஆனால் அந்த நார் புரதம் அன்று. 'சைவ இறால்' என்று வளைத்து, சிவப்புக் கோடு போட்டு விற்பது பெரும்பாலும் கொன்ஞாக் கிழங்கு மாவில் செய்தது. நம் சேனைக்கிழங்கின் உறவுக்காரக் கிழங்கு அது. மெல்லும்போது இறால்போலவே நறுக்கென்று இருக்கும். புரதம் ஏறக்குறைய இல்லை. குழம்பு மணத்தில் இரண்டு அகப்பை சோறு கூடுதலாக உள்ளே போகும். உடன் வரவேண்டிய புரதம் வராது. மாதக் கடைசியில் சர்க்கரை ஏறியவர்களின் குறிப்பேடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

தௌக்வா என்ற கெட்டியான சோயாக்கட்டியில் 100 கிராமுக்கு 12 முதல் 15 கிராம் வரை புரதம் கிடைக்கும். சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயில் சுமார் 19 கிராம். ஏறத்தாழ மீனுக்குச் சமம். ஆகவே என் சமையலறையில் மீன் என்றால் தௌக்வா, நெத்திலி என்றால் தெம்பே. பலாக்காயும் காளானும் துணைக்கு வரலாம், தனியாக வரக்கூடாது.

மீன் குழம்பு ருசியில் பாதிக்கு மேல் மீனால் வருவதே அல்ல. புளி, வெந்தயம், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தக்காளி, நல்லெண்ணெய் இவற்றால் வருகிறது. இவை எல்லாமே சைவம். குறைவது கடல் மணமும் அடிநாக்கில் நிற்கும் சுவையும் மட்டுமே. கடல் மணத்துக்குக் கடற்பாசி போதும். சுஷி சுற்றும் நோரித் தாள் எல்லாப் பேரங்காடியிலும் கிடைக்கிறது. அந்த அடிச்சுவையைத் தருவது குளுட்டமேட். கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1908இல் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா. காய்ந்த ஷிடேக் காளானில் வேறொரு பொருள் இருக்கிறது. குளுட்டமேட்டுடன் சேரும்போது சுவை பல மடங்காகும். ஆக, காய்ந்த காளான் இரண்டை ஊறவைத்த தண்ணீரைக் குழம்பில் ஊற்றினால் உப்பைக் குறைத்தாலும் நாக்கு தேடாது. உப்பைக் குறைக்க எனக்குத் தெரிந்த வழிகளில் இதுவே வலியில்லாதது.

செய்முறைக்கு வருகிறேன். தௌக்வாவைத் துணியில் சுற்றி, மேலே அம்மிக்குழவியோ கனமான சட்டியோ வைத்து அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் வடியாவிட்டால் மசாலா உள்ளே இறங்காது. இந்த அரை மணியைப் பலர் அவசரப்பட்டுத் தாண்டிவிடுகிறார்கள். விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கெட்டிப் புளிக்கரைசல், சிட்டிகை உப்பு தடவி ஊறவையுங்கள். துண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் அரிசிமாவைக் கூழாகக் கரைத்துப் பூசி, அளவாக வெட்டிய நோரியை ஒட்டுங்கள். அதுதான் தோல். தோல் பக்கம் கீழே இருக்கும்படி தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு முறுக விடுங்கள். நோரி கறுத்து ஓரம் சுருங்கும்போது எழும் வாசனையில், அடுத்த அறையில் இருப்பவர் "மீனா பொரிக்கிறீர்கள்?" என்று எழுந்து வருவார். குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்து, அடுப்பை அணைத்த பிறகே துண்டுகளைப் போட வேண்டும். கொதிக்கும்போது போட்டால் தோல் கழன்று மிதக்கும். மறுநாள் காலையில் சுடவைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். மீன் குழம்பைப் போலவேதான்.

கணவாய் சம்பலுக்கு அரசச் சிப்பிக்காளானின் தடித்த தண்டை வட்டமாக வெட்டி, இருபக்கமும் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறிக்கொண்டால் போதும். சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுதுக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி தௌச்சுவை நசுக்கி, வறுத்துப் பொடித்த நோரியோடு சேர்த்து வதக்குவேன். தௌச்சு உப்பில் ஊறிய சோயா என்பதால் சம்பலுக்கு வேறு உப்பு தேவைப்படாது. தெம்பேயைத் தீக்குச்சியைவிடச் சற்றே தடிமனாக வெட்டி வறுத்தால் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் நெத்திலியின் இடம் நிரம்பிவிடும்.

புளிப்பு நூடுல்ஸ் சாறான ஆசாம் லக்சாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "மீன் துண்டு போடாமல் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, சைவம் என்று நினைத்துச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பினாங்கு லக்சாவின் சாறே மீனை வேகவைத்து உதிர்த்தது. மேலே ஊற்றும் கறுப்பு ஹேகோ இறாலில் செய்தது. வீட்டில் செய்யும்போது ஒரு விரல் நீளக் கொம்புத் துண்டைத் தண்ணீரில் போட்டு, கொதி வருமுன் எடுத்துவிடுகிறேன். பிறகு அரைத்த மிளகாய், வெங்காயம், மஞ்சள், எலுமிச்சைப்புல். கெசும் இலை, கீறிய புங்கா காந்தான் (இஞ்சிப்பூ) மொட்டு, புளி. உதிர்த்த மீனுக்குப் பதிலாக, வேகவைத்து மசித்த தெம்பேயும் நாராகக் கிழித்த சிப்பிக்காளானும். தெம்பே சாற்றைக் கெட்டியாக்கும். ஹேகோவுக்குப் புளிக்கரைசல், பனைவெல்லம், சிறிது தௌச்சு, கறுப்பு சோயா சாஸ் ஆகியவற்றை ஒட்டும் பதத்துக்குக் காய்ச்சுகிறேன். ஹேகோவின் இடத்தை அது முழுதாக நிரப்பும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கிண்ணம் காலியாகிறது.

கொம்பில் அயோடின் மிக மிக அதிகம். சிறு துண்டே ஒரு நாள் தேவையைப் பல மடங்கு தாண்டிவிடும். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கொம்பைத் தொடவேண்டாம். நோரி போதும், அதில் அளவு கொம்பைவிட மிகக் குறைவு. சிறுநீரக நோயாளிகள் பலாக்காய், வாழைப்பூ, தேங்காய்ப்பால் மூன்றையும் ஒரே நாளில் சேர்க்குமுன் பொட்டாசியம் பற்றித் தங்கள் மருத்துவரிடம் பேசவேண்டும். கடையில் வாங்கியே தீர வேண்டும் என்றால் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள்: சில பொட்டலங்களில் முட்டை வெள்ளைக்கருவும் பால் புரதமும் இருக்கின்றன; கோதுமைப் புரதமும் சோயாவும் ஒவ்வாதவர்களுக்கு ஆபத்து.

ஒரு மாதச் சைவத்துக்கு இவ்வளவு போதும். ஆண்டு முழுவதும் சைவமாக மாறியவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது, வைட்டமின் பி12. தௌக்வா, தெம்பே, கடற்பாசி எதையும் இதற்கு நம்ப முடியாது. பால், தயிர், சேர்ப்பவர்களுக்கு முட்டை, பி12 சேர்த்ததாக உறையில் எழுதிய சோயாப்பால், அல்லது மாத்திரை; இப்படி ஏதாவது ஒன்று வேண்டும். நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு உடல் பி12ஐ உறிஞ்சுவதும் குறையக்கூடும். சைவமும் மெட்ஃபார்மினும் சேரும் இடத்தில்தான் எனக்குக் கவலை.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு நான்கு ஆண்டுகளாகச் சைவம். பால் பிடிக்காது, தேநீரும் வரத்தேநீர்தான். பாதம் இரண்டும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, இரவில் செருப்பு கழன்றதே தெரியவில்லை என்றார். சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு என்று அவரே முடிவுகட்டி, ஓராண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். பி12 குறைந்தாலும் இதே அறிகுறிகள்தான். அவருடைய மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பரிசோதனையில் பி12 மிகவும் குறைவாக இருந்தது, ஊசி போட்டார்கள். சில மாதங்களில் எறும்பு ஊர்வது குறைந்தது. மரத்துப்போனது முழுவதும் திரும்பவில்லை. ஓராண்டு தாமதத்துக்கு நரம்பு கொடுத்த விலை அது. மெட்ஃபார்மின் சாப்பிடும் சைவர்கள், அடுத்த முறை இரத்தம் கொடுக்கும்போது பி12ஐயும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பெரியவர் வேண்டுதலை விடவில்லை. சனிக்கிழமைகளில் அவர் மனைவி நோரித் தோல் ஒட்டிய தௌக்வாக் குழம்பு வைக்கிறார். அன்று இலையில் அவருக்கு ஒரு கிண்ணம் தயிரும் உண்டு.