நிரப்பாமல் விட்ட அறைகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974-ல் ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டம் அது. உள்ளே மூன்று சிறு புத்தகங்களும் சில அட்டவணைத் தாள்களும் இருந்தன. ஆட்டப் பலகை இல்லை, காய்கள் இல்லை. நடுவராக அமர்ந்தவர் ‘எதிரே ஒரு மரக்கதவு’ என்பார். வீரனாகவோ மந்திரவாதியாகவோ தன்னை எண்ணிக்கொண்ட ஒருவர் ‘கதவில் காது வைத்துக் கேட்கிறேன்’ என்பார். அடுத்து நடுவர் என்ன சொல்ல வேண்டும்? சமையல் குறிப்பைப் படித்துக் கைப்பக்குவம் வந்துவிடாது. இந்த ஆட்டமும் அப்படித்தான்.

1977-ல் ஜே. எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் புதியவர்களுக்கான பதிப்பைத் தொகுத்தபோது நடுவர் பார்த்துப் பழக மாதிரியாக ஒரு நிலவறையையும் சேர்த்தார். ஜெனோபஸ் என்ற மந்திரவாதியின் கோபுரம் ஒருநாள் இரவு பச்சைத் தீயில் மூழ்கியது. அதன் அடியில் அவன் தோண்டிய அறைகள் மட்டும் மிஞ்சின. கடற்கொள்ளையர் ஒளிந்திருக்கும் குகைவரை அவை நீள்கின்றன.

நிலவறை ஏன்? சுவர்கள் இருப்பதால். திறந்தவெளியில் எட்டுத் திசையும் வழிதான்; புதிய நடுவர் திணறிப்போவார். நடைபாதையில் இடம், வலம், திரும்பிப் போவது, அவ்வளவுதான். கட்டம் போட்ட தாளில் வரைபடம், ஒரு கட்டத்துக்குப் பத்து அடி, ஒவ்வோர் அறைக்கும் ஒரு குறியீடு, அதற்கு ஒரு விளக்கம். கதவு திறக்கும்போது நடுவர் அந்த விளக்கத்தைப் பார்த்தால் போதும்.

சுவருக்கு உயிர் கொடுப்பது கடிகாரம். 1981 பதிப்பின் விதியை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்று என்பது கதைக்குள் பத்து நிமிடம். ஒரு தீப்பந்தம் ஆறு சுற்று எரியும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நடுவர் ஆறு முகப் பகடையை உருட்டுவார். ஒன்று விழுந்தால் அலைந்து திரியும் பிராணி ஏதோ ஒன்று வந்துவிடும். ஒரு பந்தம் அணைவதற்குள் மூன்று உருட்டல்கள். மூன்றிலும் தப்பிக்கும் வாய்ப்பு 216-ல் 125. அதாவது, சுமார் 42 விழுக்காடு வாய்ப்பில் யாரேனும் எதிர்ப்படுவார்கள். சுவரைத் தட்டிப் பார்த்து ரகசியக் கதவு தேடலாம், ஆனால் அதற்கு நேரம் செலவாகும். இந்த நெருக்கடியை எண்ணி எண்ணி வியக்கிறேன். ஒரே ஒரு பகடையால் இருட்டுக்கு எடை கொடுத்துவிட்டார்கள்.

சண்டை லாபகரமானதும் அல்ல. அதே பதிப்பில் கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்றை வென்றால் 5 அனுபவப் புள்ளி. மீட்டு வரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. வீரன் இரண்டாம் நிலைக்கு உயர 2,000 புள்ளி வேண்டும். கோப்ளின்களை மட்டுமே நம்பினால், புள்ளிகளை யாருடனும் பங்கிடாத வீரனே 400 பேரை வெல்ல வேண்டும். ஆகவே பதுங்கிப் போவதும் பேரம் பேசுவதும் புத்திசாலித்தனம்.

மைக் கார் எழுதிய ‘இன் சர்ச் ஆஃப் தி அன்நோன்’ என்ற நிலவறைப் புத்தகமே எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஓர் அறையில் 14 குட்டைகள். ஒன்றில் குடிநீர், ஒன்றில் திராட்சை மது, ஒன்றில் காயம் ஆற்றும் நீர், ஒன்றில் அமிலம். ஆட்டக்காரர்கள் எதையாவது தோய்த்துப் பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், துளியளவு சுவைக்கிறார்கள். ஆய்வக ஒழுங்கை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிறார்கள்.

நடுவருக்கும் அதில் பாடம் உண்டு. பெரும்பாலான அறைகளின் விளக்கத்துக்குக் கீழே ‘பிராணி’, ‘புதையல்’ என்று எழுதி, பக்கத்தில் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறார் கார். பின்பக்கத்துப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து நடுவரே பென்சிலால் நிரப்ப வேண்டும். எல்லா அறைகளையும் நிரப்ப வேண்டியதில்லை. காலி அறையைத் துழாவும்போதும் தீப்பந்தம் எரிந்துகொண்டுதான் இருக்கும்.