பாட்டியின் கால் விரலும் பழைய புடவைத் தூளியும்

பூம்பாறையிலிருந்து ஓர் இளம் தந்தை எழுதியிருந்தார். வீட்டில் ஆறு மாதக் குழந்தை. அவருடைய அம்மா, பழைய நூல் புடவையில் தூளி கட்டியிருக்கிறார். சமவெளியில் இருக்கும் நண்பர்களோ ஸ்பிரிங் தொட்டில், மோட்டார் தொட்டில் என்று வாங்கிக் குவிக்கிறார்கள். "நாங்களும் வாங்க வேண்டுமா? தூளியில் ஆடும்போது தூங்கும் குழந்தை, பாயில் கிடத்தியதும் ஏன் விழித்துக்கொள்கிறது?" இரண்டு கேள்விகள். இரண்டுமே நல்ல கேள்விகள்.

கடிதத்தில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டுகள் பள்ளியில் தனி ஊசல் (நூலில் தொங்கி ஆடும் குண்டு) பாடம் நடத்திய எனக்கு ஆசை விடவில்லை. பண்ணைக்காட்டிலிருந்து கொடைக்கானல் போய், அங்கிருந்து பூம்பாறைக்குப் பஸ் ஏறினேன். படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்கள், நடுவில் குழந்தை வேலப்பர் கோயில். முருகனைக் குழந்தையாகவே வைத்துக் கும்பிடும் ஊரில், தூளியைப் பற்றிப் பேசப் போவது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டின் விட்டத்தில் புடவையின் இரு தலைப்பும் சேர்த்து முடிச்சுப் போடப்பட்டிருந்தது. துணி மூடிக்கொள்ளாதபடி குறுக்கே ஒரு கம்பு. பாட்டி சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, மடியில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தூளியிலிருந்து வந்த ஒரு மெல்லிய கயிறு அவருடைய வலது கால் கட்டைவிரலில் சுற்றியிருந்தது. கை பூண்டில், கண் அடுப்பில், விரல் மட்டும் தன்பாட்டில் அசைந்துகொண்டிருந்தது. தூளி ஆடிக்கொண்டே இருந்தது.

தையல் நாடாவால் அளந்தேன். விட்டத்திலிருந்து குழந்தையின் வயிறு வரை 1 மீட்டர் 80 சென்டிமீட்டர். முதல் வகுப்புப் படிக்கும் மூத்த பேத்தி எண்ண, நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது முழு ஆட்டத்துக்கு 54 நொடி. அதாவது ஓர் ஆட்டத்துக்கு 2.7 நொடி. பள்ளியில் படித்த ஊசல் சூத்திரத்தில் நீளத்தைப் போட்டுப் பாருங்கள், இதே விடைதான் வரும்.

அடுத்ததாக, குழந்தையை எடுத்துவிட்டு அதே இடத்தில் 15 கிலோ உருளைக்கிழங்கை வைத்து ஆட்டிப் பார்க்கலாம் என்றேன். பாட்டிக்கு முகம் மாறிவிட்டது. "பிள்ளை இல்லாத தூளியை ஆட்டக் கூடாது, டீச்சர். பிள்ளைக்கு வயிறு வலிக்கும்" என்றார். மூத்தவர்களின் அன்பிலிருந்து வரும் அச்சம் இது. அதை மதிக்கிறேன், ஆனால் ஏற்க மாட்டேன். துணியின் அசைவுக்கும் இன்னொரு அறையில் இருக்கும் குழந்தையின் குடலுக்கும் இடையில் எந்த வழியும் இல்லை. அதோடு, குழந்தையைப் போடுவதற்கு முன் கனத்தை வைத்து ஆட்டிப் பார்ப்பதுதான் முடிச்சையும் துணியையும் சோதிக்க ஒரே வழி. இந்த நம்பிக்கை அந்தச் சோதனையையே தடுத்துவிடுகிறது. "முடிச்சு தாங்குமா என்று பார்க்கத்தான் அம்மா" என்று மகன் சொன்னதும் பாட்டி ஒப்புக்கொண்டார்.

ஏழு கிலோ குழந்தை இருந்த இடத்தில் பதினைந்து கிலோ கிழங்கு. பேத்தி எண்ணினாள். மீண்டும் 54 நொடி.

எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத சோதனை இது. கனம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் ஆட்டத்தின் நேரம் மாறவில்லை. காரணம் இதுதான். கனமான பொருளைப் பூமி அதிக விசையுடன் இழுக்கிறது. ஆனால் அதே பொருளை அசைப்பதும் அதே அளவுக்குக் கடினம். நிலைமம் என்று படித்தோமே, அது. இழுப்பும் இரு மடங்கு, தயக்கமும் இரு மடங்கு. ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுகின்றன. மிஞ்சுவது நீளம் மட்டும். குழந்தை ஆறு கிலோவிலிருந்து பத்து கிலோவாக வளர்ந்தாலும் தூளி தன் தாளத்தை மாற்றாது. அந்தத் தாளத்தைக் குறித்தது, வீட்டைக் கட்டியபோது விட்டத்தை இவ்வளவு உயரத்தில் வைத்த ஆசாரி. இந்தத் தாளத்தின் ஒழுங்கைப் பயன்படுத்தித்தான் 1656இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்தார்.

ஊசல் நம் மலைக்கும் புதிதல்ல. கொடைக்கானல் வானாய்வகம் 1899இல் தொடங்கிய காலத்திலேயே அங்கே நிலநடுக்கத்தைப் பதியும் மில்ன் கருவி வைக்கப்பட்டது. அதன் உள்ளே இருந்ததும் ஓர் ஊசல்தான், கிடையாக அசைவது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2100 மீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு சற்றுக் குறைவு. ஆகவே பழனி அடிவாரத்தில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தால் நாளொன்றுக்குச் சில நொடிகள் பின்தங்கும். அரை நிமிடத்தைத் தாண்டாது. தூளியில் அந்த வித்தியாசம் ஓர் ஆட்டத்துக்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது ஸ்பிரிங் தொட்டிலுக்கு வருகிறேன். அது மேலும் கீழுமாக அசைவது. அங்கே கதை தலைகீழ்: குழந்தை கனத்தால் தாளம் மாறும். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாமல் நிற்க, நிலைமம் மட்டும் கூடுகிறது அல்லவா? இதைக் கணக்கிட ஓர் அழகான குறுக்குவழி உண்டு. தொட்டிலின் சொந்தக் கனத்தை விட்டுவிட்டால், குழந்தையைப் போட்டதும் ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறதோ, அந்த நீளமுள்ள ஊசலின் அலைவு நேரம்தான் (ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரம்) அந்தத் தொட்டிலின் அலைவு நேரமும். 15 சென்டிமீட்டர் இறங்கினால் ஓர் அசைவுக்கு முக்கால் நொடி. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை ஆறு கிலோ ஆனதும் அந்த நேரம் ஏறக்குறைய 1.4 மடங்காகிவிடும். படபடவென்று மேலும் கீழும் துள்ளும் ஸ்பிரிங்கையும், நிதானமாக வீசும் தூளியையும் ஒரே பொருளாக நினைக்க வேண்டாம். இவற்றில் எதை வாங்குவது என்று கேட்டவருக்கு என் பதில்: வாங்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலேயே மேலானது இருக்கிறது.

பாட்டியின் விரலுக்குத் திரும்புகிறேன். நான் பூம்பாறைக்குப் போனதே அதைப் பார்க்கத்தான்.

தூளியைத் தானாக ஆடவிட்டால், பன்னிரண்டு பதின்மூன்று ஆட்டங்களில் வீச்சு, அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கம் போகும் தொலைவு, பாதியாகக் குறைந்தது. துணி விட்டத்தில் உரசுவதும் காற்றுத் தடையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. பாட்டி செய்வதெல்லாம், அந்தப் பத்தில் ஒரு பங்கை மட்டும் திருப்பிக் கொடுப்பது. ஏழு கிலோ குழந்தை, இருபது சென்டிமீட்டர் வீச்சு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஓர் ஆட்டத்துக்கு அவர் கொடுக்க வேண்டிய வேலை, மூன்று நான்கு பூண்டுப் பற்களை மடியிலிருந்து முகம் வரை தூக்கும் வேலையளவுதான்! அதனால்தான் ஒரு மணி நேரம் ஆட்டினாலும் விரல் களைப்பதில்லை.

ஆனால் அந்தச் சின்ன வேலையைச் சரியான கணத்தில் கொடுக்க வேண்டும். கயிற்றால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. தூளி பாட்டியை நோக்கி வரும்போது இழுத்தால் ஆற்றல் உள்ளே போகிறது. விலகிப் போகும்போது கயிறு விறைத்திருந்தால் ஆற்றல் வெளியே வந்துவிடுகிறது, தூளி முடங்கிவிடும். நான் என் விரலில் கயிற்றைச் சுற்றிப் பார்த்தேன். மூன்றாவது ஆட்டத்திலேயே தூளி கோணலாகத் திரும்பி நின்றது. குழந்தை சிணுங்கியது. பாட்டி கயிற்றை வாங்கிக்கொண்டு, "நீங்கள் நினைத்து இழுக்கிறீர்கள், டீச்சர். கயிறு விறைக்கும், விறைத்ததும் விரல் மடங்கும். அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். தூளி தொலைவின் எல்லையை எட்டும் கணத்தில்தான் கயிறு முழுதாக விறைக்கிறது. அங்கிருந்து அது திரும்பத் தொடங்குகிறது. அந்த விறைப்பையே அடையாளமாகக் கொண்டு விரல் மடங்கினால், இழுப்பு முழுவதும் வரும் பாதையில் விழுகிறது. தாளத்தைப் பாட்டி வைக்கவில்லை. தூளிதான் கயிற்றின் வழியாக ஒவ்வொரு முறையும் அவருக்குச் சொல்லி அனுப்புகிறது. ஊசலின் சொந்தத் தாளத்திலேயே சிறு விசை சேரச் சேர அசைவு நிலைப்பதை ஒத்ததிர்வு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். விசை கொடுப்பவரும் ஊசலும் இப்படி ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு இயங்குவதை அன்றுதான் கண்முன் பார்த்தேன்.

இன்னொரு சோதனை, மூத்த குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். அகலமான கிண்ணத்தில் பாதி தண்ணீர் ஊற்றித் தூளிக்குள் நிலையாக வைத்து மெல்ல ஆட்டுங்கள். தண்ணீர் சிந்தாது. தூளி சாயும்போது தண்ணீரின் மட்டமும் கூடவே சாயும். தடையின்றி ஆடும் ஊசலில் இருப்பவருக்கு "கீழே" என்பது எப்போதும் துணியின் பக்கம்தான். நமக்குக் குழந்தை இங்கும் அங்கும் வீசப்படுவதாகத் தெரிகிறது. குழந்தைக்கோ, பக்கவாட்டில் யாரும் தள்ளவில்லை. மெல்லத் திரும்புவதும், ஓர் ஆட்டத்தில் இரண்டு முறை உடல் மிகச் சிறிதளவு கனத்து இலேசாவதும்தான் தெரியும். எங்கள் தூளியில் அந்த வித்தியாசம் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

இவ்வளவு நுட்பமான மாற்றத்தை உணர உட்செவியில் கருவிகள் இருக்கின்றன. தலை திரும்புவதை அரைவட்டக் குழல்கள் அறிகின்றன. கனம் கூடிக் குறைவதையும் நகர்வதையும் அறிவது, கூழ் போன்ற படலத்தின் மேல் பதிந்திருக்கும் சுண்ணாம்புத் துகள்கள். முட்டை ஓட்டில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட். 2019இல் சுவிட்சர்லாந்தில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஜெனீவாவில் பெரியவர்களை நான்கு நொடிக்கு ஒருமுறை ஆடும் கட்டிலில் இரவு முழுதும் தூங்கவைத்தார்கள். அவர்கள் விரைவில் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனார்கள். லோசானில் சுண்டெலிகளை ஆட்டினார்கள்; அவற்றுக்கு அதைவிட நான்கு மடங்கு வேகம் தேவைப்பட்டது. அந்தச் சுண்ணாம்புத் துகள்கள் இல்லாமல் பிறந்த சுண்டெலிகளிடம் ஆட்டத்தால் எந்த மாற்றமும் இல்லை. நான்கு நொடித் தாளம் தூளியில் வேண்டுமென்றால் விட்டம் குழந்தைக்கு மேல் நான்கு மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பூம்பாறை வீட்டில் அதற்கு இடமில்லை, 2.7 நொடியிலேயே குழந்தை நன்றாகத் தூங்குகிறது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு ஏக்கம் வருகிறது. ஆயிரக்கணக்கான தூளிகள் ஆடும் நாடு இது. ஒரு மருத்துவக் கல்லூரியும் ஓர் இயற்பியல் துறையும் கைகோத்தால், விட்டத்தின் உயரத்துக்கும் குழந்தையின் தூக்கத்துக்கும் உள்ள உறவை அளந்துவிடலாம். அதற்குக் கோடிகள் வேண்டாம். நிறுத்துகடிகாரமும் இதயத் துடிப்புக் கருவியும் பொறுமையும் போதும். வீட்டுக்குள் பெண்கள் செய்யும் வேலையை ஆய்வுக்குரிய பொருளாக மதித்து ஒரு சிறு நிதி ஒதுக்கத்தான் மனம் வேண்டும்.

பாயில் கிடத்தியதும் ஏன் விழிக்கிறது என்ற கேள்விக்கு, ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வு உதவும். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் பெரும்பாலும் அமைதியாகிறது. தூங்கியவுடன் கிடத்தினால் விழித்துக்கொள்கிறது. குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்தபோது, முதுகு படுக்கையில் படுவதற்கு முன்பே, தாயின் உடலைவிட்டுப் பிரியத் தொடங்கும்போதே அது எச்சரிக்கையாகிவிடுவது தெரிந்தது. தூங்கிய பிறகு ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருந்து கிடத்தினால் விழிப்பது குறைகிறது. தூளிக்கும் இதையே செய்து பாருங்கள் என்பது என் யோசனை: ஆட்டம் தானாக ஓயட்டும், சில நிமிடம் பொறுங்கள், பிறகு எடுங்கள்.

எடுத்தே ஆக வேண்டும், அதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. தூளியில் குழந்தையின் முதுகு வளைகிறது. தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுக்குழல் ஒடுங்கும். தூங்கவைக்கத் தூளி, தூங்குவதற்குத் தட்டையான கெட்டியான படுக்கை, அதிலும் மல்லாக்கத்தான். நூல் புடவையை வெளிச்சத்தில் பிடித்து, இழை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். நைலான், பாலியஸ்டர் வேண்டாம். வழுக்கும், முடிச்சு நழுவும். குழந்தையின் எடையைப் போல மூன்று மடங்கு கனத்தை வைத்து ஆட்டிய பிறகே குழந்தையைப் போடுங்கள். மலைக் குளிரில் தூளியின் அடியிலும் காற்று புகும். ஆகவே போர்வையை மேலே குவிக்காமல், பழைய பருத்தித் துணியை நான்காக மடித்துக் கீழே விரியுங்கள். கயிற்றின் மறுமுனை விரலில் இருப்பவர் எழுந்து போனால், கயிறும் அவிழ வேண்டும்.

குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்போ கங்குச் சட்டியோ வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இந்த மலையிலேயே தூக்கத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. தூளிக்கு அடியில் சாம்பிராணி போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தச் சிறிய நுரையீரல் புகையைத் தாங்கப் பிறந்ததல்ல.

அன்று குழந்தை தூங்கியதும் பாட்டி விரலிலிருந்து கயிற்றைக் கழற்றினார். தூளி ஓய்ந்தது. பேத்தி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு நிமிடம் காத்திருந்தாள். மகன் குழந்தையை எடுத்துப் பாயில் கிடத்தினார். கை ஒருமுறை விரிந்து மடங்கியது, கண் திறக்கவில்லை. மூத்தவள் ஊஞ்சல் ஆடலாமா என்று வெறுந்தூளியின் பக்கம் நகர்ந்தாள். கழுத்தில் துணி சுற்றிக்கொண்ட குழந்தைகளைப் பற்றி எத்தனை முறை செய்தித்தாளில் படித்திருக்கிறோம்! பாட்டி எழுந்து, கம்பை உருவி, புடவையை முறுக்கி, அவளுக்கு எட்டாதபடி விட்டத்தின் மேல் தூக்கிச் சுற்றிவிட்டு, மறுபடியும் முறத்தை மடியில் எடுத்துக்கொண்டார்.