வேன் கூரையில் சோலார்: பேனல் வாங்கும் முன்

வேனை வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் கோவையில் எங்கள் பட்டறைக்கு இப்போது அடிக்கடி வருகிறார்கள். வந்ததும் கேட்பது, "எத்தனை வாட் பேனல் போடணும்?" நான் திருப்பிக் கேட்பது, "ராத்திரி என்னென்ன ஓடணும்?"

ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி தங்கள் வேனைக் கொண்டுவந்தார்கள். கூரையில் 400 வாட் பேனல், உள்ளே நல்ல லித்தியம் பேட்டரி. ஆனால் "நடுராத்திரி ஃபிரிட்ஜ் நின்னுடுது தம்பி, வீட்டம்மாவோட இன்சுலின் அதுலதான் இருக்கு" என்றார் ஐயா. பேனல் பத்தவில்லை என்று நினைத்து, இன்னொன்று வாங்கவும் தயாராக இருந்தார்.

முதலில் கணக்குப் போட்டோம். வீட்டு கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான், 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 0.6 யூனிட் எடுக்கும். 28 வாட் மின்விசிறி ஒன்பது மணி நேரம் ஓடினால் 0.25. லேப்டாப், போன், விளக்கு, தண்ணீர் பம்பு எல்லாம் சேர்ந்து 0.3. மொத்தம் 1.15 யூனிட். நம் ஊரில் 400 வாட் பேனலுக்கு நல்ல வெயில் ஐந்து மணி நேரம் என்று வைத்தால், தாளில் 2 யூனிட். வேன் கூரையில் பேனல் படுத்தே கிடக்கிறது, தகரச் சூட்டில் வேகிறது, தூசியும் படிகிறது. அதனால் முப்பது சதவீதம் கழித்துவிடுவேன். மீதி 1.4. அவர்கள் தேவைக்கு இது போதும்.

அப்புறம் ஏன் ஃபிரிட்ஜ் நிற்கிறது? வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரி முனையில் வைத்தேன், 12.6 வோல்ட். மின்விசிறி, விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஃபிரிட்ஜ் முனையில் வைத்தால் 11.4. இடையில் 1.2 வோல்ட் எங்கே போனது? ஆறு மீட்டர் தூரத்துக்கு வீட்டு விளக்குக்குப் போடும் மெல்லிய 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரை இழுத்து, எல்லாவற்றையும் அதிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். அந்த ஒயரே வோல்ட்டைத் தின்றுவிட்டது. வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் 1.2 வோல்ட் போனால் அது பத்தில் ஒரு பங்கு. ராத்திரி பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் ஃபிரிட்ஜ் முனையில் 11 வோல்ட் ஆகிவிடும், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஃபிரிட்ஜ் தானே அணைந்துகொள்ளும். ஃபிரிட்ஜுக்கென்று தனியாகத் தடித்த 6 ஸ்கொயர் எம்எம் கேபிள் இழுத்தோம். பிரச்சினை அத்தோடு முடிந்தது.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது இன்வெர்ட்டர் இணைப்பு. 1000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 80 ஆம்ப்ஸுக்கு மேல் இழுக்கும். அதற்கு மெல்லிய ஒயர், முறுக்கிச் சுற்றிய இன்சுலேஷன் டேப். டேப்பைப் பிரித்தபோது உள்ளே உறை பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. பேட்டரிப் பக்கம் ஃபியூஸே இல்லை. தலைமாட்டில் அதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் இரண்டு பேரும் தூங்கியிருக்கிறார்கள். தயவுசெய்து இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பேட்டரியின் பாசிடிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒயர் தாங்கும் அளவைப் பார்த்து அந்த ஃபியூஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் அது காப்பாற்றுவது ஒயரைத்தான். வீட்டு ஏ.சி. கரண்ட்டுக்கான எம்.சி.பி.யை (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) பேட்டரியின் டி.சி. கரண்ட்டில் போடாதீர்கள். டி.சி.யில் பொறி எளிதில் அணையாது.

படுக்கை நேரத்தில் ஏ.சி. கேட்பவர்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன், ஒரு ராத்திரிக்கே ஐந்து யூனிட்டுக்கு மேல் போகும், இந்தக் கூரை அதற்குப் போதாது. இன்டக்ஷன் அடுப்பு அரை மணி நேரத்துக்கே கிட்டத்தட்ட ஒரு யூனிட். சமையலுக்கு கேஸ் இருக்கட்டும்.

இன்னொரு சங்கடம் நிழல். வண்டி சூடேறாமலிருக்க மரத்தடியில் நிறுத்துவோம், ஆனால் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே பேனல் தரும் கரண்ட் பெருமளவு குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சூரியனையும் நம்ப முடியாது. அதனால் வண்டி ஓடும்போதே இன்ஜினோடு சுற்றி கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு அளவாக ஏற்ற 30 ஆம்ப்ஸ் டிசி-டிசி சார்ஜர் ஒன்றைக் கட்டாயம் போடச் சொல்வேன். இரண்டு மணி நேர ஓட்டத்தில் முக்கால் யூனிட் வந்துவிடும். அது இல்லாமல் லித்தியம் பேட்டரியை நேராக இணைத்தால், கரண்ட்டை அளவில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும். லடாக் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியில் சார்ஜ் ஏற்றக் கூடாது. குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் உள் சர்க்யூட்) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒருமுறை வாருங்கள் என்றேன். தனுஷ்கோடி வரை போய்விட்டு வந்தார்கள். ஃபிரிட்ஜ் ஒரு ராத்திரிகூட நிற்கவில்லையாம். இன்வெர்ட்டர் பக்கத்து லக் (கேபிள் நுனியில் போல்ட் போட்டு இறுக்கும் வளையம்) ஒன்று ரோட்டுக் குலுக்கலில் கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கி அனுப்பினேன்.