குளியலறைக் கேஸ் கீசரும் அட்டை வைத்து அடைத்த வென்டிலேட்டரும்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் கேஸ் அடுப்பும் கேஸ் கீசரும் பழுது பார்ப்பது என் தொழில். கார்த்திகை பிறந்து குளிர் தொடங்கியதும் அழைப்புகள் கூடிவிடும். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது கீசரை அல்ல, குளியலறையின் வென்டிலேட்டரை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் அடிக்கும் காற்றுக்கும் புழுதிக்கும் அஞ்சி, மேற்குச் சுவரில் இருக்கும் வென்டிலேட்டரை அட்டையாலோ தெர்மகோலாலோ அடைத்திருப்பார்கள். காற்று ஓய்ந்து மார்கழி வந்த பின்பும் அந்த அடைப்பு அப்படியே இருக்கும்.

பல்லடம் பக்கம் ஒரு வீட்டில் தலைக்குக் குளிக்கப் போன மருமகள் மயங்கி விழுந்தார். வெறும் வயிற்றில் குளித்ததால் வந்த மயக்கம் என்றே வீட்டார் நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்து மாமியாருக்கும் அதே அறையில் தலை வலித்துக் கால் துவண்டபோதுதான் என்னை அழைத்தார்கள். "ஏனுங்க தம்பி, கேஸ் நாத்தமே வரலீங்களே?" என்று அந்த அம்மா கேட்டார். "நாத்தம் வராதுங்கம்மா, அதுதானுங்க ஆபத்து" என்றேன்.

அவர் கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சிலிண்டர் வாயுவில் வாடைக்காகச் சேர்க்கும் மெர்காப்டன், எரியாமல் கசியும் வாயுவை மட்டுமே காட்டிக்கொடுக்கும். காற்றுப் போதாமல் அரைகுறையாக எரியும் சுடரில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிந்த வாயு தரையோடு தங்கும்; இதுவோ ஏறக்குறைய காற்றின் எடையே உடையது என்பதால் அறை முழுவதும் கலந்து நிற்கும். இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும்.

கணக்கைப் பார்ப்போம். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசரை முழு வேகத்தில் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 1 கிலோ வாயு எரியும். அதற்கு 12 கன மீட்டர், அதாவது 420 கன அடிக்கு மேல் காற்று வேண்டும். ஐந்துக்கு ஏழு அடியில் ஒன்பதடி உயரமுள்ள குளியலறையில் இருப்பதோ 315 கன அடிதான். காற்றில் 21 விழுக்காடாக உள்ள ஆக்ஸிஜன் 18 அளவுக்கு இறங்கினாலே சுடர் கெடத் தொடங்கும் என்பதால், முற்றிலும் அடைபட்ட அறையில் கணக்குப்படி ஆறேழு நிமிடமே போதும். அமெரிக்காவில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலைக்குப் புகைக்குழாய் இருந்தும்கூட, எரிகாற்றை அறையிலிருந்தே எடுப்பதானால் அது மணிக்கு எரிக்கும் ஒவ்வொரு 1000 பி.டி.யு.வுக்கும் (வெப்பத்தை அளக்கும் அலகு) 50 கன அடி இடம் வேண்டும் என்பது விதி. அதன்படி மணிக்கு 40,000 பி.டி.யு.வுக்கு மேல் எரிக்கும் நம் கீசருக்கு 2000 கன அடிக்கு மேல் தேவை; நம் குளியலறை அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். உள்ளே காற்று வர வழியில்லாத அறையில் ஃபேன் எதை வெளியேற்றும்? புகைக்குழாய் வைத்த கீசராக இருந்தால், அது வெளியே போகவேண்டிய புகையையே அறைக்குள் இழுத்துவிடும். 20 நிமிடத்தில் தானாக அணையும் டைமரையும் நம்ப வேண்டாம். அது நேரத்தை அளக்கிறதே தவிரக் காற்றை அளப்பதில்லை.

திருப்பூரில் இன்னொரு தொல்லை, பஞ்சுத் தூசி. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பனியன் வேலை செய்யுமிடங்களில் அது பர்னரின் காற்றுத் துளைகளை அடைத்துவிடுகிறது. நீலச் சுடர் மஞ்சளாகி, மேலே கரி படிந்தால் கீசரை உடனே நிறுத்திவிடுங்கள்.

நான் சொல்லும் தீர்வு ஒன்றுதான்: கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள புறக்கடைச் சுவரில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். நம் பாட்டிமார் தண்ணீர் அடுப்பைப் புறக்கடையில் வைத்திருந்த முறையும் இதுதான். பல்லடத்து வீட்டில் அப்படித்தான் மாற்றினேன். அதுவரை, வாளியை நிரப்பிக் கீசரை அணைத்து, அறையைத் திறந்துவைத்துக் காற்றாடவிட்ட பிறகே குளிக்கப் போங்கள்.

யாராவது உள்ளே மயங்கினால் கதவைத் திறந்து, கீசரை அணைத்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்த நச்சைப் பிரித்தறியாமல் 98, 99 என்று காட்டக்கூடும். ஆகவே அறையில் கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.