ஹைபிரிட்: பன்றிக்குட்டியில் தொடங்கிய சொல்

பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் வைத்த காரை ஹைபிரிட் என்கிறோம். அந்தச் சொல் முதலில் ஒரு பன்றிக்குட்டியைக் குறித்தது. வீட்டில் வளர்த்த பெண் பன்றிக்கும் காட்டு ஆண் பன்றிக்கும் பிறந்த குட்டியை ரோமானியர்கள் ‘இப்ரிடா’ என்றார்கள். ‘ஹைப்ரிடா’ என்றும் எழுதினார்கள். கிரேக்கத்தில் வரம்பு மீறிய ஆணவத்துக்கு ‘ஹூப்ரிஸ்’ என்று பெயர். அதோடு போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் எழுத்து இப்படி மாறியது என்று சொல்லாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். குட்டியோடு விஷயம் நிற்கவில்லை. ரோமானியத் தந்தைக்கும் வேற்று நாட்டுத் தாய்க்கும் பிறந்தவரையும் அதே சொல்லால் அழைத்தார்கள். கி.மு. 63இல் பேச்சாளர் சிசரோவுடன் சேர்ந்து, ரோமின் தலைமை ஆட்சிப் பதவியான கான்சல் பதவியில் இருந்தவர் பெயர் காயஸ் அந்தோனியஸ் ஹைப்ரிடா. கடைசிப் பகுதி பட்டப்பெயர். அவ்வளவு பெரிய பதவிக்குப் போயும் அது அவரை விட்டுப் போகவில்லை.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டில் நுழைந்தது. ஆனால் 19ஆம் நூற்றாண்டு வரை பெரிதாகப் புழங்கவில்லை. செடி கொடிகளை ஆராய்ந்தவர்கள்தான் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1866இல் பட்டாணிச் செடிகளைப் பற்றி மெண்டல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இது இருக்கிறது. அப்புறம் ஹைபிரிட் மக்காச்சோள விதை வந்தது, விளைச்சல் கூடியது. திட்டுவதற்குப் பயன்பட்ட சொல் விதைப் பொட்டலத்தின் மேல் பெருமையாக அச்சாகத் தொடங்கியது.

தமிழில் இதற்கு இரண்டு பெயர்கள் நிலைத்தன. பாடநூல்களில் ‘கலப்பினம்’. வேளாண்மையில் ‘வீரிய ஒட்டு’. இரண்டாவதை உருவாக்கியவருக்கு நல்ல காது இருந்திருக்க வேண்டும். பெற்றோர் இருவரையும்விடப் பிள்ளை திடமாக வளரும் என்ற செய்தி ‘வீரியம்’ என்ற ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. ஆனால் ‘ஒட்டு’ என்பது கறாராகப் பார்த்தால் வேறு வேலை. ஒட்டுச் செடியில் வேர் ஒரு மரத்துடையது, கிளை இன்னொன்றுடையது. தண்ணீரும் சத்தும் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும். ஆனால் வேர் வேராகவே இருக்கும், கிளை கிளையாகவே இருக்கும். கலப்பினத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு உயிரணுவிலும் இருவரும் கலந்திருப்பார்கள், பிரிக்க முடியாது.

காருக்கு வரும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. ஹைபிரிட் காரில் எதுவும் எதோடும் கலப்பதில்லை. பெட்ரோல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினாகவே இருக்கிறது, மின் மோட்டார் மோட்டாராகவே இருக்கிறது. நடுவில் ஒரு கணினி உட்கார்ந்து இந்த நொடியில் யார் எவ்வளவு இழுப்பது என்று கணக்குப் பார்க்கிறது. அந்த வகையில் இது கலப்பினமே அல்ல, ஒட்டுதான். என்ன, ‘ஒட்டுக் கார்’ என்றால் ஒட்டுப் போட்ட கார் என்று காதில் விழும். சொகுசுக் கார் வைத்திருப்பவர் யாரும் அந்தப் பெயருக்குச் சம்மதிக்க மாட்டார்.

சொகுசு என்றதும் ஒரு சிறு விலகல். தெலுங்கில் ‘சொகசு’ என்றால் அழகு, ஒயில். தமிழுக்கு வந்தபோது அது உடம்புக்குக் கிடைக்கும் சுகத்தின் பக்கம் சாய்ந்துகொண்டது. லத்தீனின் ‘லக்சூரியா’ மிதமிஞ்சிய ஆடம்பரம். ஆங்கிலத்தில் அது முதலில் காமத்தைக் குறித்து, பிறகுதான் தோல் இருக்கைக்கு இறங்கி வந்தது. பன்றிக்குட்டியும் காமமும் சேர்ந்ததுதான் ‘ஹைபிரிட் லக்சுரி’. விளம்பரக்காரர்கள் அகராதி பார்ப்பதில்லை.

காருக்கு இந்தப் பெயர் முதலிலேயே வந்துவிடவில்லை. 1900ஆம் ஆண்டு வியன்னாவில் லோனர் வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளைஞர் ஃபெர்டினாண்ட் போர்ஷே, பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் மட்டும் உண்டாக்க, சக்கரக் குடத்துக்குள் இருக்கும் மோட்டார்கள் வண்டியை இழுக்கும்படி ஒன்றைச் செய்தார். ‘செம்பர் விவஸ்’ என்று பெயர். லத்தீனில் ‘என்றும் உயிரோடு’. அடுத்த ஆண்டு அதையே திருத்தி விற்பனைக்குக் கொண்டு வந்தபோது வைத்த பெயர் ‘மிக்ஸ்ட்’. பிரெஞ்சில் அதற்குப் பொருள் ‘கலப்பு’. ஆக, ‘கலப்பு’ என்ற தமிழ்ச் சொல் ஹைபிரிட்டின் மொழிபெயர்ப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் காரைப் பொறுத்தவரை ஹைபிரிட்டைவிட அதுதான் பழைய பெயர். 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்த பிறகுதான் ஹைபிரிட் என்ற சொல் எல்லோர் வாயிலும் ஏறியது. 2005இல் வந்த லெக்சஸ் ஆர்எக்ஸ் 400எச், சொகுசுக் காரின் பின்புறத்தில் ஒரு சின்ன ‘எச்’ எழுத்தாக அதை ஒட்டியது. அதன் எஞ்சின் 3.3 லிட்டர்தான். மோட்டாரையும் சேர்த்தால் 4 லிட்டர் எஞ்சினுக்கு ஈடு என்று சொல்லத்தான் 400.

இந்தப் பெயர் ஆராய்ச்சியில் என்னை இறக்கிவிட்டது ஒரு காலை நேரம். நான் வைத்திருப்பது கைமாறி வந்த ஒரு ஹைபிரிட் சொகுசுக் கார். அன்று பொத்தானை அழுத்தினேன். திரை மின்னி அணைந்தது, எங்கோ உள்ளே டிக் டிக் டிக் என்று, மின் இணைப்பைப் போட்டு எடுக்கும் ஒரு ரிலே துடித்தது. ‘ரெடி’ விளக்கு வரவில்லை. போனில் பழுது பார்ப்பவரிடம் “கார் ஸ்டார்ட் ஆகலை” என்றேன். “ஹைபிரிட்டா? பேட்டரி போயிருக்கும் சார். பெரிய செலவு” என்றார் பார்க்காமலேயே.

நாங்கள் இருவருமே தப்பான சொல்லைத்தான் பயன்படுத்தினோம். இந்தக் காரில் ‘ஸ்டார்ட்’ என்பதற்குப் பொருளே இல்லை. பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஓட வேண்டிய கட்டாயம் கிடையாது, ஓசையில்லாமல் ‘ரெடி’ என்று ஒரு விளக்கு எரிந்தால் போதும். (அதனாலேயே அணைத்துவிட்டதாக நினைத்து, ரெடியிலேயே விட்டு இறங்கிப் போகிறவர்கள் உண்டு. மூடிய கொட்டகைக்குள் அப்படி விட்டால், மின்கலம் இறங்கும்போது எஞ்சின் தானாக ஓடத் தொடங்கிப் புகை நிறையும். உயிருக்கே ஆபத்து.)

‘பேட்டரி’ இன்னும் மோசம், ஏனென்றால் காரில் அது இரண்டு இருக்கிறது. பின்னிருக்கைப் பக்கம் இருக்கும் பெரியது இருநூறு வோல்ட்டுக்கு மேல். டிக்கியில் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் சின்னது, எல்லாக் கார்களிலும் உள்ள அதே 12 வோல்ட். சின்னது எஞ்சினைச் சுழற்றுவதில்லை. அது கணினிகளை எழுப்பிவிட்டு, பெரியதை வண்டியோடு இணைக்கும் ரிலேக்களை இயக்குகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அது செத்தால் பெரியது நிறைந்து வழிந்தாலும் கார் அசையாது. பூட்டிய அறைக்குள் பணப்பெட்டி, சாவி காணோம் என்கிற கதை.

டிக்கியைத் திறக்கலாம் என்று போனால் அதன் தாழும் மின்சாரத்தில் இயங்குகிறது. ரிமோட் சாவியின் முதுகில் ஒரு சிறு பிடியை நெருடினால் உள்ளிருந்து உண்மையான இரும்புச் சாவி வெளியே வருகிறது. அதால் ஓட்டுநர் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கி, ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடிக்கு அடியில் இருக்கும் முனையில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தேன். நல்ல நிலையில் 12.6 காட்ட வேண்டிய இடத்தில் 9.8. அந்த முனையில் சார்ஜரை மாட்டி ஒரு மணி நேரம் விட்டேன், ‘ரெடி’ வந்தது. ‘பேட்டரி போயிருக்கும்’ என்றவர் சொன்னது சரிதான். எந்தப் பேட்டரி என்பதில்தான் வேறுபாடு.

இங்கே தமிழ் உதவியிருக்கும். ‘பேட்டரி’ என்பது அடிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு ஆகி, 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் ஃபிராங்ளின் மின்சாரம் தேக்கும் கண்ணாடிச் சாடிகளை வரிசையாக இணைத்தபோது அதற்கும் ஆனது. தமிழ்ப் பாடநூல்கள் ஒற்றையை மின்கலம் என்றும், சேர்த்து அடுக்கியதை மின்கல அடுக்கு என்றும் பிரித்துச் சொல்கின்றன. அந்த ‘அடுக்கு’ முக்கியம். பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை அடுக்கில் 28 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 6 கலங்கள், ஒவ்வொரு கலமும் 1.2 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் 201.6 வருகிறது. ஒரே ஒரு தொகுதி நொண்டினாலும் மற்றவற்றோடு அதன் வோல்ட் ஒத்துப்போகாது. கணினி பி0ஏ80 என்ற பழுதுக் குறியைப் பதிந்து அடுக்கையே மாற்றச் சொல்லும். ‘பேட்டரி’ என்று நினைப்பவருக்கு அது ஒரே பொருள், போனால் போனதுதான். ‘அடுக்கு’ என்று நினைப்பவர் எந்தப் படி இறங்கியிருக்கிறது என்று கேட்பார். அதற்காக ஒரு படியை மட்டும் மாற்றினால் தீர்ந்தது என்று சொல்லவில்லை. மற்றவையும் அதே வயதுடையவை, சில மாதங்களில் அடுத்தது விழலாம். ஆனாலும் கேள்வி கேட்க ஒரு சொல் வேண்டுமே.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை. பின்னிருக்கையின் ஓரத்தில், சன்னல் கம்பிபோல் சின்னதாக ஒரு துவாரம் இருக்கும். பல கார்களில் அடுக்கைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஸ்வெட்டரையோ பையையோ அதன் மேல் வைத்துவிடுவோம். நாய் வளர்ப்பவர்கள் என்றால் முடி போய் வலையில் கம்பளமாகப் படியும். அடுக்கு சூடாகி ‘ஹைபிரிட் சிஸ்டத்தைப் பார்க்கவும்’ என்று திரை அலறும்போது, முதலில் அந்த வலையைக் கழற்றித் தட்டிப் பார்ப்பது நல்லது. அதற்கு மேல் கையை வைக்க வேண்டாம். ஆரஞ்சு நிற வயர் எங்கெல்லாம் போகிறதோ அதெல்லாம் உயர் மின்னழுத்தம். பயிற்சி பெற்றவர்களே உயர் மின்னழுத்தத்துக்கான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் அடுக்கைத் துண்டிக்கும் செருகியைப் பிடுங்குவார்கள்; பத்து நிமிடம் சும்மா நின்று, மின்தேக்கிகள் காலியான பிறகுதான் மற்றதைத் தொடுவார்கள்.

சரி, அப்படியானால் இந்தக் காரைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘கலப்பின மகிழுந்து’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை, இனம் எங்கிருந்து வந்தது? மாட்டுப் பண்ணைச் சொல்லை அப்படியே கொட்டகையில் கொண்டு வந்து நிறுத்தியதுபோல் இருக்கிறது. ‘ஈராற்றல் கார்’ என்றும் சொல்லலாம்தான், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் பொய். வெளியிலிருந்து செருகிச் சார்ஜ் செய்ய முடியாத சாதாரண ஹைபிரிட்டுக்குள் போகும் ஆற்றல் பெட்ரோல் ஒன்றுதான். பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரமும், ஏற்கெனவே பெட்ரோல் எரித்துச் சேர்த்த வேகத்தின் மிச்சமே. இதே குழப்பத்தை வைத்து ‘தானே சார்ஜ் ஆகும்’ என்று செய்த விளம்பரத்தை நார்வேயின் நுகர்வோர் ஆணையம் 2020இல் தடுத்தது. மின்சாரம் சும்மா கிடைப்பதுபோல் தோன்றுகிறது என்பதுதான் காரணம்.

என் ஓட்டு ‘இருவிசைக் கார்’ என்பதற்கு. ஆற்றல் ஒன்று, ஆனால் சக்கரத்தைத் திருப்பும் விசை இரண்டு. ‘ஈராற்றல்’ என்ற நல்ல சொல்லை வீணாக்காமல், சுவரில் செருகிச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் வகைக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே உண்மையிலேயே பெட்ரோலும் மின்சாரமும் தனித்தனியாக உள்ளே வருகின்றன. 48 வோல்ட் ‘மைல்ட் ஹைபிரிட்’ வகைக்கு ‘துணைவிசை’ போதும். அவற்றில் பெரும்பாலானவற்றில் மோட்டார் எஞ்சினுக்குத் தோள் கொடுக்குமே தவிர, தனியாகக் காரை நகர்த்தாது. பின்புறத்தில் ‘ஹைபிரிட்’ என்று எழுதியிருக்கிறதே என்று நம்பி வாங்கியவர்கள், போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் ஏன் அணைய மாட்டேன் என்கிறது என்று குழம்புவது இதனால்தான்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. எஞ்சின் மின்சாரம் மட்டும் உண்டாக்கி, மோட்டார் மட்டுமே சக்கரத்தைச் சுற்றும் தொடர் வகைக்கு ‘இருவிசை’ பொருந்தாது. அங்கே சக்கரம் வரை போவது ஒரே விசை. போர்ஷேயின் 1901 வண்டி அந்த வகைதான். அதற்கு அவர்கள் வைத்த ‘கலப்பு’ என்ற பெயரையே விட்டுவைக்கலாம் என்று தோன்றுகிறது. பழுது பார்க்கும் இடத்தில் நான் இன்னும் ஹைபிரிட் என்றுதான் சொல்கிறேன். ஆனால் ‘பேட்டரி’ என்று அவர் வாயைத் திறந்தால் உடனே கேட்டுவிடுகிறேன்: “அடுக்கா, பன்னிரண்டு வோல்ட்டா?”