ஊரை அளந்து மேப் போட பர்மிஷன் வேணுமா? 2021 விதி சொல்றது இதுதான்

எங்க ஊர் ஏரியை, வாய்க்காலை, தெருவை அளந்து மேப் போட்டா ஏதும் கேஸ் ஆயிடுமா, முன்னாடியே எங்கயாவது அனுமதி வாங்கணுமான்னு இன்னும் நிறைய பேர் கேக்குறாங்க. வேணாம்ங்க. 2021 பிப்ரவரி 15ல மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஒரு வழிகாட்டுதல் போட்டாங்க, அதுக்கப்புறம் இந்தியக் குடிமக்களோ இந்தியக் கம்பெனியோ பதிவு பண்ண சங்கமோ, மேப் டேட்டா எடுக்க, தயாரிக்க, விக்க, வெளியிட முன் அனுமதியும் தேவையில்ல லைசென்ஸும் தேவையில்ல. விதிப்படி நடந்துக்குறோம்னு நாமளே உறுதி சொன்னா போதும்.

இதுல 1 மீட்டர், 3 மீட்டர்னு ரெண்டு நம்பர் வருது, அதைத்தான் நல்லா புரிஞ்சுக்கணும். மேப்ல காட்டுறதுக்கும் நிஜத்துக்கும் எவ்ளோ வித்தியாசம் வரலாம்ங்கிறதுதான் இந்தக் கணக்கு: இடத்தைக் காட்டுறதுல 1 மீட்டர், உயரத்துல 3 மீட்டர். இதைவிட துல்லியமான டேட்டாவை இந்தியர்கள் மட்டும்தான் எடுக்கலாம், அதை இந்தியாவுக்குள்ளதான் வச்சுக்கணும். 3 மீட்டர்னா கிட்டத்தட்ட ஒரு மாடி உயரம், ஆனா மழைக்காலத்துல ஒரு தெரு முழுகுறதும் பக்கத்து தெரு தப்பிக்கிறதும் அரை மீட்டர் வித்தியாசத்துல நடக்குது, அப்போ உருப்படியா ஒரு வெள்ள மேப் போடணும்னா சென்டிமீட்டர் கணக்குல உயரம் தெரிஞ்சாகணும். அந்த அளவுக்கு அளக்குற உரிமை இப்போ ஒரு சாதாரண காலேஜ் பசங்க டீமுக்கே இருக்கு. எனக்கு இந்த விதியில ரொம்பப் பிடிச்சதே இதுதான்.

வெளிநாட்டுக் கம்பெனிங்க அவ்ளோ துல்லியமான டேட்டாவை இந்தியக் கம்பெனிகிட்ட லைசென்ஸ் வாங்கித்தான் யூஸ் பண்ண முடியும். தெருத்தெருவா வண்டி ஓட்டி படம் எடுக்குறது எந்த துல்லியமா இருந்தாலும் இந்தியர்களுக்கு மட்டும்தான். 2022 ஜூலைல கூகுள் ஸ்ட்ரீட் வியூ சென்னை உட்பட 10 நகரத்துல வந்துச்சே, அதுக்கு படம் எடுத்துக் கொடுத்தது ஜெனிசிஸ், டெக் மஹிந்திரான்னு ரெண்டு இந்தியக் கம்பெனிங்கதான்.

ரெண்டு விஷயத்துல கவனமா இருங்க. எந்த இடத்தையும் மேப்ல காட்டலாம், ஆனா பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சில இடங்கள்ல இங்க இன்னது இருக்குன்னு குறிக்கக்கூடாது. நாட்டு எல்லை, மாநில எல்லை போடும்போது மத்திய அரசோட மேப் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட எல்லையைத்தான் போடணும், நெட்ல கிடைச்ச ஏதோ ஒரு ஃபைலை எடுத்துப் போட்டுடாதீங்க. ட்ரோன் வச்சு எடுக்குறவங்களுக்கு 2021 ட்ரோன் விதிகள் தனி, பச்சை மண்டலத்துல (ட்ரோன் பறக்க கட்டுப்பாடு இல்லாத பகுதி) 400 அடி வரைக்கும் பறக்க அனுமதி தேவையில்ல, மத்த இடத்துல மண்டலம் பாத்துட்டுத்தான் ஏத்தணும்.

இன்னொன்னு, மக்கள் வரிப்பணத்துல அரசாங்கம் எடுத்த மேப் டேட்டா, ரகசியம்னு வகைப்படுத்தினது போக மத்ததெல்லாம் இந்தியர்களுக்கு கிடைக்கணும்னு இதே வழிகாட்டுதல்லயே இருக்கு. அதனால புதுசா அளக்க இறங்குறதுக்கு முன்னாடி சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 மேப் (மேப்ல 1 செ.மீ.னா தரையில 500 மீட்டர்) உங்க ஏரியாவுக்கு என்ன இருக்குன்னு அவங்க தளத்துல போய்ப் பாத்துடுங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிருக்கலாம்.