வாசலில் ஆடும் கல்

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்தவர்களை மறுபடி நடக்க வைப்பது என் வேலை. பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போவேன். 74 வயது அம்மா ஒருவர், பிள்ளைகள் வெளியூரில். இரண்டு மாதத்தில் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டார். வீட்டுக்குள் நன்றாகவே நடந்தார், வாசலை மட்டும் தாண்டவில்லை. பயம்தான் காரணம் என்று நினைத்தேன். "வாசல் வரைக்கும் வந்துடுவேன் தம்பி, அந்தக் கல்லுதான் ஆடுது" என்றார். சாக்கடை மேல் போட்டிருந்த கடப்பைக் கல். ஏறி நின்று பார்த்தேன். எனக்கே தடுமாறியது.

அதோடு தெருவும் உயர்ந்திருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டால், மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும். அதைத் தடுக்க வாசலில் திட்டு கட்டுகிறார்கள். அதற்கு ஏற ஒரு படி, இறங்க ஒரு படி. பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். தெருவில் அது நடக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டியது உள்ளாட்சிதான்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். ஆனால் முதியோருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், பேச்சு நேராக முதியோர் இல்லத்துக்குப் போய்விடுகிறது. பெரும்பாலானவர்கள் இருக்கப்போவது தங்கள் சொந்தத் தெருவில். உலக சுகாதார நிறுவனம் 2007இல் முதியோருக்கு ஏற்ற நகரங்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. அதற்காக டெல்லி, உதய்ப்பூர் உட்பட 33 நகரங்களில் முதலில் முதியவர்களிடமே கேட்டார்கள். நம் பேரூராட்சிகளும் முதியவர்களிடம் கேட்பதிலிருந்தே தொடங்கலாம்.

நான் செய்தது இதுதான். வார்டு உறுப்பினரை ஒருநாள் காலை எங்களோடு நடக்கக் கூப்பிட்டேன். வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக் கல்லைத் தாண்ட வைத்து, ரேஷன் கடை வரை மூவரும் நடந்தோம். வேப்பமரத்தடியில் அம்மா ஒரு முறை நின்றார், டீக்கடைக்கு முன்னால் இன்னொரு முறை. கடைசியில் ரேஷன் கடையின் மூன்று படிகளுக்குக் கீழே நின்றுவிட்டார். ஒரு முதியவர் மூச்சு வாங்க எங்கே நிற்கிறாரோ, பெஞ்ச் வர வேண்டிய இடம் அது. பூங்காவுக்குள் போடுவது மட்டும் போதாது. சாய்மானமும் கை வைக்கும் சட்டமும் இருக்க வேண்டும். தொடைத் தசை தளர்ந்தவர்கள் கையை ஊன்றித்தான் எழுந்திருப்பார்கள். தாழ்வான சிமெண்ட் திண்ணையில் உட்கார்ந்தால் அவர்களை யாராவது தூக்கிவிட வேண்டும். படிக்குப் பதில் சாய்தளம் கட்டினால், ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும். பெயருக்குக் கட்டிய செங்குத்துச் சரிவு, படியைவிட ஆபத்து.

கழிப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு, சிறுநீரை அதிகமாக்கும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பேங்குக்குப் போகும் நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். தண்ணீரும் குடிப்பதில்லை. வழியில் போக இடமில்லை என்பதுதான் காரணம். கேட்டால்கூடச் சொல்லமாட்டார்கள், குறிப்பாகப் பெண்கள். பேருந்து நிலையத்தில் தண்ணீரும் வெளிச்சமும் உள்ள ஒரு கழிப்பறை, மேற்கத்தியக் கோப்பையும் பக்கச் சுவரில் கைப்பிடியும் வைத்து, பூட்டாமல் இருந்தால் போதும்.

சிக்னலும் அப்படித்தான், மெதுவாக நடப்பவர்கள் ரோட்டைக் கடக்க நேரம் போதாது. சிங்கப்பூரில் 2009 முதல் சில சந்திப்புகளில் முதியவர்கள் தங்கள் சலுகை அட்டையைச் சிக்னல் கம்பத்தில் உள்ள கருவியில் வைத்தால், நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரிகிறது.

யாரைக் கேட்டுத் திட்டமிடுவது? அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகும் ஊழியருக்கு எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று தெரியும். அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கிராமங்களில் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன், நிழலில், நாற்காலி போட்டு நடத்தினால் முதியவர்களே வந்து சொல்வார்கள். நடக்க முடியாதவர்களை அழைத்துவர ஓர் ஆட்டோ ஏற்பாடு செய்யுங்கள்.

அம்மாவின் வாசலில் கல்லை எடுத்துவிட்டுக் கான்கிரீட் மூடி போட்டு, ஒரு பக்கம் இரும்புக் குழாய் நட்டார்கள். இரண்டு நாள் வேலை. அடுத்த வாரம் பயிற்சிக்குப் போனேன், வீடு பூட்டியிருந்தது. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தார்.